வேட்டுவர் முன்றிலில் பகுத்துண்ணும் அறம்

தமிழர் வாழ்வியலைக் கூறப் புகுவோர் பகுத்துண்ணும் பண்பைப் பாராட்டாது செல்வதில்லை. விருந்தினரை முகமலர்ந்து ஏற்கும் உழவன் மனையும், இரவலர்க்கு அடையாத வேந்தன் வாயிலும் அப்பண்புக்கு எடுத்துக்காட்டுகளாகப் பள்ளிகளிலும் மேடைகளிலும் காட்டப்பெறுகின்றன. வேட்டுவனின் சிறுகுடிலோ அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. அவன் வில்லேந்தியவன், உயிர் கொல்பவன், ஊன் தின்பவன் என்ற அளவிலேயே அவனைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. சங்கப் பாடல்களைக் கற்பிக்கும்போதும் காதலர் கூற்றுக்கு உரை கூறிவிட்டு, இடையில் வரும் வேட்டைக் காட்சிகளைக் கருப்பொருள் வருணனை என்று ஒரு சொல்லில் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது.

அக்காட்சிகளை ஊன்றி நோக்குவார்க்கு வேறொரு செய்தி புலனாகும். சங்கப் புலவர்கள் வேட்டையைப் பாடும்போது விலங்கு வீழ்வதோடு நிறுத்திவிடவில்லை. வீழ்ந்த விலங்கு ஊருக்கு வருவதையும், முன்றிலில் கூறு வைக்கப்படுவதையும், அக்கூறு யார் யாருக்குச் சென்றது என்பதையும் பல இடங்களில் பாடியிருக்கின்றனர். அடுத்த வீட்டுக்குப் பங்கு சென்று சேர்ந்த பின்னரே வேட்டை முற்றுப்பெறுகிறது என்பது அவர்கள் காட்டும் வழக்கு.

மான் என்னும் சொல்

முதற்கண் மான் என்னும் சொல்லையே ஆராய்வது பயன் தரும். இன்று அச்சொல் கொம்புடைய ஒரு விலங்கினத்தை மட்டுமே குறிக்கும். பழந்தமிழிலோ அது விலங்குப் பொதுப்பெயராகவும் வழங்கிற்று. கையை உடைய விலங்காகிய யானை கைம்மான் எனப்பட்டது. சிங்கம் அரிமான் எனவும், முள்ளம்பன்றி முளவுமான் எனவும் பெயர் பெற்றன. விரைந்தோடும் குதிரை கடுமான் ஆயிற்று. மா என்பதும் இவ்வாறே விலங்குப் பொதுப்பெயராய் நின்ற சொல்லாகும்.

பிற மொழிகளிலும் இவ்வியல்பைக் காணலாம். வடமொழியில் மிருகம் என்பது காட்டு விலங்கையும் மானையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் இன்று மானைக் குறிக்கும் டியர் என்னும் சொல் பழங்காலத்தில் விலங்கு என்ற பொதுப்பொருளிலேயே வழங்கிற்று. அதற்கு இனமான ஜெர்மானியச் சொல் இன்றும் விலங்கு என்றே பொருள்படும். வேட்டையில் தேடப்பட்ட விலங்குகளுள் மானே தலைமை பெற்றிருந்தமையால் ஆங்கிலத்தில் பொதுப்பெயர் அதற்கே உரியதாய்ச் சுருங்கிற்று என்று மொழிநூலார் கூறுவர். தமிழ்ச் சொல்லின் வரலாறும் அதனோடு ஒப்பிட்டு எண்ணத்தக்கது.

மானினத்தை அக்காலத் தமிழர் எத்துணை நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்குத் தொல்காப்பிய மரபியலே சான்று. புல்வாய், நவ்வி, உழை முதலியவற்றின் குட்டிக்கு மறி என்பது பெயர். பெண் பிணை எனப்படும். புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என்னும் பெயர்கள் உண்டு. கலை என்பது உழைக்கும் உரியது. மலைக்காடுகளில் வாழும் பெரிய இனம் கடமா அல்லது கடமான். மிளா என மக்கள் அழைப்பதும் அதுவே. ஆணையும் பெண்ணையும் குட்டியையும் தனித்தனிப் பெயரால் பிரித்தறியும் இவ்வழக்கு, மானை நாள்தோறும் அருகில் கண்டு பழகிய மக்களின் நாவில் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும்.

பலர் கூடிய தொழில்

வேட்டை தனியொருவன் வீரச் செயலாக மட்டும் இருந்ததில்லை. தினைப்புனத்தை அழித்த பன்றியைக் கல் நெறியில் தனித்துப் பதுங்கியிருந்து எய்த கானவனும் உண்டு. ஆயினும் ஓடும் விலங்கை மடக்கிப் பிடித்தற்குப் பலர் கைகள் வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படை, எயினர் வாழ்வை விரிவாகக் காட்டும் நூலாகும். அதில் கானவர் நாய்களோடு புதர்களை அடித்துக் கலைக்கின்றனர். வேலிபோல் தொடர்ந்து வலை கட்டுகின்றனர். குறுமுயல் தப்பிச் செல்ல இயலாதவாறு சூழ்ந்து வளைக்கின்றனர். காட்டில் கிடைத்ததைக் கூடியே உண்கின்றனர். கலைப்பவர் ஒரு சாரார், வலையருகே நிற்பவர் ஒரு சாரார். இவ்வாறு பிடிபட்ட விலங்கை இன்னார் ஒருவர்க்கே உரியது என்று கூற இயலுமா? தொழில் பொதுவாயிற்று, ஆகவே உணவும் பொதுவாயிற்று.

பிற்காலத்தில் சேக்கிழாரும் இம்முறையை விளக்கமாகப் பாடியிருக்கிறார். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்தில், பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேட்டுவர் தலைவனாகிய நாகன் முதுமையுற்று வேட்டைக்குச் செல்லாதிருந்தமையால் காட்டு விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர்கள் திரண்டு வந்து தலைவனிடம் முறையிட்டனர். நாகன் தன் மகன் திண்ணனைத் தலைவனாக்கி வேட்டைக்கு விடுத்தான். அத்திண்ணனே பின்னர்க் கண்ணப்ப நாயனார் எனப் போற்றப்பெற்றவர். திங்கள்தோறும் முறையாக நிகழ வேண்டிய வேட்டை தவறியதே வேடர்களின் முறையீடு என்பது கருதத்தக்கது. விளைநிலத்தைக் காப்பதும் ஊருக்கு உணவு தேடுவதும் ஒருங்கே அமைந்த பொதுக்கடமை அது. தலைவனாய் இருப்பவன் அதனை நடத்தியே தீர வேண்டும். வலை கட்டி, நாய் விட்டு, பறை முழக்கிக் காட்டை வளைத்தபோது பன்றியும் மானும் கரடியும் பிறவும் வெளிப்பட்டோடிய காட்சியையும் சேக்கிழார் பாடுகிறார்.

மானை அகப்படுத்தற்கு மற்றொரு சூழ்ச்சியும் இருந்தது. பிடித்துப் பழக்கிய மானை வீட்டு முன்றிலில் கட்டி வைத்து, அதனைக் கொண்டு காட்டு மானை வரச்செய்து பிடிப்பர். அவ்வாறு பழக்கிய விலங்குக்குப் பார்வை என்பது பெயர். பெரும்பாணாற்றுப்படையில் அத்தகைய மான் விளாமரத்தில் கட்டப்பட்டிருக்க, அம்மரநிழலில் நிலத்தில் அமைந்த உரலில் எயிற்றியர் தானியம் குற்றுகின்றனர். அதே குடிலினுள் மகவு ஈன்ற தாய் தன் குழந்தையோடு மான்தோலில் படுத்திருக்கிறாள். மானின் ஊன் உணவு, தோல் படுக்கை, உயிரோடு உள்ள மான் முன்றிலில் கட்டப்பட்ட துணைக்கருவி. எயினர் இல்லத்தின் எப்பக்கத்தை நோக்கினும் மானின் தொடர்பு விளங்கும்.

கூறு வைத்த கை

வேட்டைப்பொருள் ஊர் வந்து சேர்ந்த பின் நிகழ்ந்ததை நற்றிணைப் பாடல்கள் இரண்டு தெளிவாகக் காட்டுகின்றன. 85ஆம் பாடலில், கானவன் எய்து கொணர்ந்த முள்ளம்பன்றியின் கொழுத்த இறைச்சியைக் கிழங்கோடு சேர்த்துச் சிறுகுடி முழுவதற்கும் பகுத்துக் கொடுக்கிறாள் கொடிச்சி. கபிலர் பாடிய 336ஆம் பாடலில், தினையைக் கவர்ந்த பன்றிகளுள் ஆணைக் கானவன் வில்லால் வீழ்த்திக் கொணர, அவன் மனைவி அதனை அறுத்துக் குடிகளுக்கு முறைப்படி பங்கிடுகிறாள்.

இவ்விரு காட்சிகளிலும் இரண்டு செய்திகள் பொதுவாக உள்ளன. ஒன்று, பங்கு பெறுவது வேட்டையாடியவன் வீடு மட்டுமன்று; சிறுகுடியாகிய ஊரே பங்கு பெறுகிறது. அதுவும் கண்டபடி அள்ளிக் கொடுப்பதன்று. குடிக்கு இவ்வளவு என்னும் முறை இருக்கிறது. மற்றொன்று, பகுப்பவள் பெண். வேட்டையில் வெற்றி கண்டவன் தன் வெற்றிப்பொருளைத் தானே பங்கிடுவதாக இப்புலவர்கள் பாடவில்லை. கொன்றவன் கையிலிருந்து அது மனையாளின் கைக்கு மாறுகிறது. அங்கே அது வீரன் ஒருவனின் உடைமை என்னும் நிலை நீங்கி ஊரார் உணவாகிறது. அடுத்த வீட்டில் எத்தனை வாய்கள் உண்டு, எவ்வீட்டில் முதியோர் உளர், எங்கே அடுப்பு எரியவில்லை என்பவற்றை அறிந்தவள் அவளே அன்றோ?

இவ்வரிகள் எவ்விடத்தில் வருகின்றன என்பதையும் நோக்க வேண்டும். இரண்டு பாடல்களும் தலைவன் இரவில் வருவதைக் குறித்து அஞ்சும் கூற்றுகள். புலியும் யானையும் திரியும் இருள்நெறியில் அவன் வருதல் கூடாது என்பதே அவற்றின் கருத்து. அவ்வச்சத்தினிடையே தலைவனின் மலைநாட்டைச் சுட்டும்போது, ஊன் பகுத்துண்ணும் நாடு என்று புலவர் அடைமொழி தருகிறார். எளிய குடிகளும் ஒருவரையொருவர் நினைந்து வாழும் நாட்டுக்கு உரியவன், தன்னை நம்பிய ஒருத்தியின் துயரை நினையாது இருத்தல் தகுமா என்னும் குறிப்பும் அதில் அடங்கியிருத்தல் கூடும். அடைமொழி என்று அதனைக் கடந்து செல்லும் மாணவன், பாடலின் உயிர்நிலையுள் ஒரு பகுதியை இழந்துவிடுகிறான்.

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 325ஆம் பாடல் இதனினும் உருக்கமானது. அது வறண்ட நிலத்துச் சீறூர். குழியில் இருந்த சிறிதளவு நீரையும் பசு குடித்துவிட்டது. சேற்றைத் தோண்டி, ஊறிவரும் கலங்கல் நீரை மக்கள் முறை வைத்து உண்கின்றனர். என்றும் நிறைவு காணாத வாழ்வு அவர்களுடையது. அவ்வூரில் சொல் தவறாத ஆடவர் வேட்டையாடிக் கொணர்ந்ததைச் சிறுகுடில் முன்றிலில் கூறு செய்கின்றனர். தீயில் வாட்டிய கொழுப்பின் மணம் தெருவெங்கும் பரவுகிறது. மன்றத்து மரநிழலில் சிறுவர் அம்பு எய்து விளையாடுகின்றனர்.

நீருக்கு முறை வகுத்த ஊர் ஊனுக்கும் கூறு வகுத்தது. மிகுதியாக இருந்தமையால் கொடுத்தனர் என்று கூற அங்கு இடமில்லை. பற்றாக்குறையே அவர்களுக்குப் பங்கீட்டைக் கற்பித்தது. வேட்டைக்குச் சென்றவன் நாள்தோறும் வெற்றியோடு மீள்வதில்லை. கிடைத்த ஊனைப் பலநாள் காத்து வைத்தலும் எளிதன்று. இன்று கொடுத்தவன் நாளை வெறுங்கையோடு வருவான். அன்று அவன் அடுப்பு அயலார் கொடுத்த பங்கால் எரியும். இவ்வாறு ஊரே ஒருவர்க்கொருவர் சேமக்களஞ்சியமாய் இருந்தது. அறம் என்றும் பிழைக்கும் வழி என்றும் இரண்டாகப் பிரித்தற்கு இயலாத நிலை அது.

நள்ளியும் ஓரியும்

இவ்வழக்கம் எளிய குடிகளோடு நிற்கவில்லை. மலைநாட்டுத் தலைவர்களின் கொடையிலும் அதன் சாயல் படிந்திருக்கிறது. புறநானூற்று 150ஆம் பாடலில் வன்பரணர் கூறும் நிகழ்ச்சி தமிழ் ஆசிரியர் பலரும் அறிந்ததே. கந்தலாடையோடு பலாமரத்தடியில் சோர்ந்து கிடக்கிறார் புலவர். மான் கூட்டத்தை வீழ்த்திய குருதி படிந்த கழற்காலோடு வேட்டுவன் ஒருவன் வருகிறான். எழுந்து வணங்க முயன்றவரைக் கையமர்த்தி இருக்கச் செய்கிறான். காட்டில் வழி தவறிய ஏவலிளைஞர் வந்து சேரும்வரை அவன் காத்திருக்கவில்லை. தானே தீக்கடைந்து, கொழுத்த இறைச்சியை விரைந்து சுட்டு, சுற்றத்தாரோடு உண்ணுமாறு கொடுக்கிறான். பின்னர், காட்டுநாட்டார் தம்மிடம் கொடுத்தற்கு வேறு கலன் இல்லை என்று கூறித் தன் மார்பின் ஆரத்தையும் கைக் கடகத்தையும் அளிக்கிறான். நாடு எது, பெயர் யாது என்று வினவியும் கூறாமலே செல்கிறான். அவன் தோட்டி மலைக்குரிய நள்ளி என்பதைப் புலவர் பிறர் வாயிலாகவே அறிகிறார்.

இந்நிகழ்ச்சியை நள்ளியின் வள்ளன்மைக்குச் சான்றாகக் காட்டுவது மரபு. அது முற்றிலும் பொருந்தும். ஆனால் அவன் முதலில் கொடுத்தது ஆரமன்று. தீயில் வாட்டிய மானிறைச்சி. அதுவும் தனக்கும் தன் இளைஞர்க்கும் என வேட்டையாடிய உணவு. உடன்வந்தவர் பங்கு ஒருபுறம் இருக்க, வழியில் பசித்துக் கிடந்தவர்க்கு முதற்பங்கு சென்றுவிட்டது. பெயர் கூறாது சென்றதும் அவ்வாறே கருதத்தக்கது. ஊரில் கூறு வைக்கும்போது கொடுப்பவன் தன் பெயரைச் சொல்லிக் கொடுப்பதில்லை. பெறுபவனும் புகழ்ந்து பெறுவதில்லை. அப்பழக்கத்தில் வளர்ந்த தலைவன் காட்டில் ஓர் அயலானைக் கண்டபோதும் அவ்வாறே செய்தான் எனலாம்.

கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரியைப் பாடும் 152ஆம் பாடலும் வன்பரணருடையதே. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவிச் சென்றதாக அது தொடங்கும். அம்பின் விரைவை வியப்பதோடு படிப்போர் பலர் நின்றுவிடுவர். பாடலோ அங்கே முடியவில்லை. ஓரி, வேட்டையில் தான் வீழ்த்திய மானின் வேகவைத்த ஊனையும் மதுவையும் இரவலர்க்குக் காட்டுவழியிலேயே கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அளிப்பதோடுதான் முடிகிறது.

மலைபடுகடாம் காட்டும் விருந்திலும் கடமானின் கொழுத்த இறைச்சிக்கு இடமுண்டு. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர், மலைவழியிலுள்ள ஊர்களில் கடமான் ஊனும், முள்ளம்பன்றி ஊனும், மூங்கிலரிசிச் சோறும், மோரும் புளியும் பலாவிதையும் சேர்ந்த குழம்பும் பெறுவர். அவர்கள் அவ்வூரார்க்கு உறவினர் அல்லர், வழிப்போக்கரே. அயல்வீட்டாருக்கு வைத்த பங்கு, அயலூரார்க்கும் உரியதாய் விரிந்தது என்பதை இதனால் அறியலாம்.

காட்டிலிருந்து நாட்டுக்கு

மானிறைச்சி காட்டின் எல்லைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. கோவூர் கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 33ஆம் பாடலில், வேட்டுவன் மான்தசை நிரப்பிய கடகப்பெட்டியையும் ஆய்மகள் தயிர்ப்பானையையும் கொணர்கின்றனர். உழவர் வீட்டு மகளிர் களத்து நெல்லை முகந்து அவர்க்குக் கொடுக்கின்றனர். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் ஒரு முற்றத்தில் கூடும் காட்சி இது. பாண்டி நாட்டு வளமாகப் புலவர் இதனைப் பாடுகிறார்.

வைகைக் கரைக் கீழடி அகழாய்வு இதற்கு அணுக்கமான செய்தியை வழங்கியிருக்கிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்குக் கிடைத்த எலும்புகளுள் மாடு, எருமை, ஆடு முதலிய வளர்ப்பு விலங்குகளோடு, மானை ஒத்த இரலையினமும் காட்டுப்பன்றியும் மயிலும் இருந்தன. சில எலும்புகளில் வெட்டுத் தடங்கள் காணப்பட்டமையால் அவை உணவுக்குப் பயன்பட்டன எனத் துறையினர் கருதினர். செங்கற் கட்டடங்களும் எழுத்துப் பொறித்த பானைகளும் உடைய ஊரிலும் காட்டுணவு வெறுக்கப்படவில்லை என்பது இதனால் விளங்கும்.

இரக்கமும் வரம்பும்

உயிர் கொல்லும் தொழிலுடையார்க்கு உயிரிடத்து இரக்கம் இராது என்று எண்ணுவார் உண்டு. வீரை வெளியனார் பாடிய புறநானூற்று 320ஆம் பாடல் அவ்வெண்ணத்தை மாற்ற வல்லது. வேட்டுவன் களைத்து உறங்குகிறான். முன்றிலில் கட்டிய பார்வைப் பிணையை நாடிக் காட்டுக் கலை ஒன்று வந்து அதனோடு விளையாடி இன்புறுகிறது. வேட்டுவன் மனைவி அதனைக் காண்கிறாள். அவள் ஓசை செய்தால் கணவன் விழித்துவிடுவான். கலையும் பிணையைப் பிரிந்து ஓடிவிடும். இவ்விரண்டுக்கும் அஞ்சி அவள் அசையாது நிற்கிறாள். அவ்வேளையில் மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழி முதலியன தின்றுவிடுகின்றன. அவள் அவற்றையும் ஓட்டவில்லை. மானைப் பிடித்தற்கென்றே வைத்த பொறியில் மான் வந்து நிற்கும்போது, அவள் தன் வீட்டு உணவையும் இழந்து அம்மானைக் காக்கிறாள். அவ்வூருக்கு வரும் பாணனும் தன் பெருஞ்சுற்றத்தோடு ஊன் உண்டு தங்கிச் செல்லுமாறு அழைக்கப்படுகிறான். ஒரே பாடலில் இரக்கமும் ஊனுணவும் அருகருகே நிற்பதில் புலவர் முரண் எதுவும் காணவில்லை.

பாலைநிலத்து மான் வெயிலில் வருந்தும் தன் பிணைக்கு உடம்பின் நிழலையே கொடுத்து நிற்கும் காட்சியைக் கலித்தொகையின் 11ஆம் பாடல் காட்டும். மானைக் கூர்ந்து நோக்கிய கண்களே இத்தகைய காட்சிகளைத் தமிழுக்குத் தந்தன.

வேட்டைக்கு வரம்பும் இருந்தது. திண்ணன் வேட்டையைப் பாடும் சேக்கிழார், அவ்வேடர் யானைக்கன்றைத் தொடரார். சிறு குருளைகளைக் கொல்லார். கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணையை வருத்தார் என்று கூறுகிறார். சைவ அடியாரின் சிறப்பைக் கூற வந்தவர் தம் கருணையை ஏற்றிப் பாடினார் எனச் சிலர் கூறலாம். ஆயினும் வேட்டைக்கு நெறி உண்டு என்பதை 12ஆம் நூற்றாண்டு மக்கள் இயல்பாக ஏற்றனர் என்பதற்கேனும் இது சான்றாகும். கருவுற்ற பிணையை விடுபவன் அடுத்த ஆண்டின் வேட்டையையும் காத்தவனாகிறான்.

பழி வந்த வழி

இவ்வாறிருந்த வேட்டுவர் தாழ்வாக எண்ணப்பட்டது எவ்வாறு? கொல்லாமையும் புலால் மறுத்தலும் சமண பௌத்தச் சமயங்களாலும் பிற அறநெறிகளாலும் தமிழ் மண்ணில் வலுப்பெற்றன. திருவள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அதே திருவள்ளுவர், கிடைத்ததைப் பகுத்துண்டு பல உயிர்களைக் காத்தலை நூலோர் தொகுத்த அறங்களுள் தலையாயதாகக் கூறிய குறளைக் கொல்லாமை என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். பகுத்துண்ணும் அறம் வேட்டுவர் முன்றிலிலும் வாழ்ந்தது. அவர்தம் தொழிலை மறுத்த நூலிலும் தலைமை பெற்றது. தொழில் மறுக்கப்பட்டது, அத்தொழிலோடு வளர்ந்த பண்பு மறுக்கப்படவில்லை. ஆனால் காலப்போக்கில் பண்பு உழவர்க்கும் செல்வர்க்கும் உரியதாகக் கருதப்பட, வேட்டுவர்க்குப் பழி மட்டும் எஞ்சிற்று.

சிலப்பதிகார வேட்டுவ வரியில் எயினர் வழிப்பறி செய்வோராகவே வருகின்றனர். எனினும் அவர்கள் வழிபடும் கொற்றவைக் கோலத்துக்குக் கலைமானே ஊர்தி. புள்ளமங்கை முதலிய சோழர் கோயில்களில் கொற்றவையின் அருகே மான் நிற்கும் சிற்பம் இன்றும் உண்டு. வேட்டுவர் பின்தள்ளப்பட்ட பின்னரும் அவர்தம் தெய்வத்தின் மான் கற்கோயிலில் இடம் பெற்றுவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேறொரு மாற்றம் நேர்ந்தது. 1879இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1882இல் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் வந்தது. காடு அரசின் உடைமையாயிற்று. துப்பாக்கியும் உரிமமும் உடைய துரைமார்க்கு வேட்டை பொழுதுபோக்காயிற்று. மானின் கொம்பும் தலையும் மாளிகைச் சுவர்களில் ஏறின. பசிக்காக வேட்டையாடி ஊரோடு பகுத்துண்டவன் அதே காட்டில் குற்றவாளியானான். 1871இல் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தபோது, குறவர் என்னும் பழம்பெயரைத் தாங்கிய பிரிவினர் சிலரும் அதன் பிடியில் அகப்பட்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. சங்கப் புலவர் பாடிய பெயர் காவல் நிலையப் பதிவேட்டில் எழுதப்பட்ட அக்காலம் தமிழர் வரலாற்றில் வருந்தத்தக்க பகுதியாகும்.

இன்று இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும். காடு சுருங்கி விலங்கினம் குறைந்துவிட்ட காலத்தில் இக்காப்பு வேண்டுவதே. பழைய வேட்டையை மீண்டும் கொணர வேண்டும் என்று எவரும் வேண்டார். கருவுற்ற பிணையை விட்டுவைத்த பழைய வரம்பின் நோக்கமும் இச்சட்டத்தின் நோக்கமும் வேறல்ல.

மலைநாட்டுக் காட்டிலும்

மலைபடுகடாம் கூறும் கடமான் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் வாழும் ரூசா என்பதும் அவ்வினமே. அம்மானைப் போலவே, பகுத்துண்ணும் பழக்கமும் இங்குள்ள பழங்குடி மக்களிடம் காணப்பட்டது. பேராக், பகாங் மலைப்பகுதிகளில் வாழும் செமாய் மக்களைப் பற்றி ராபர்ட் நாக்ஸ் டென்டன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். அம்மக்கள் பங்கு பெறும்போது நன்றி கூறுவதில்லை. கூறுவது நாகரிகமன்று எனக் கருதினர் என அவர் எழுதுகிறார். நன்றி கூறினால், கொடுத்தவன் கொடுத்ததை அளந்து பார்ப்பவன் என்றும், அவன் கொடுப்பான் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் பொருள்பட்டுவிடுமாம். பெயர் கூறாது சென்ற நள்ளியின் செயலோடு இதனை வைத்து எண்ணுவார்க்கு, கடல் இடையிட்ட இருவேறு மலைமக்களிடையே உள்ள ஒற்றுமை வியப்பளிக்கும். ஒருவர் மற்றவரிடம் கற்றனர் என்று கூற வேண்டுவதில்லை. ஒத்த வாழ்வு ஒத்த பண்பைத் தந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

மலேசியத் தீபகற்பத்தில் மான்தொகை குறைந்தமையால் 2009இல் மான் வேட்டை உரிமங்கள் வழங்குதல் நிறுத்தப்பட்டது. 2010ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பழங்குடியினர் அட்டவணையிற் குறித்த சில விலங்குகளைத் தம் உணவுக்காகவும் தம் குடும்பத்தார் உணவுக்காகவும் வேட்டையாட இடமளித்தது, வாணிகத்துக்கு அன்று. பசிக்காக வேட்டையாடுபவனையும் பொருளுக்காக வேட்டையாடுபவனையும் ஒன்றாகக் கருதாத இப்பிரிவு பாராட்டத்தக்கது. ஆயினும் சட்டம் கூறும் குடும்பமும் காடு அறிந்த குடும்பமும் ஒன்றா என்பது எண்ணத்தக்க வினாவாகும். வன்பரணரை நோக்கிச் சுற்றத்தோடு உண்க என்றான் நள்ளி. சங்கப் பாடல்களில் ஒக்கல் என்னும் சொல் ஒரு கூரையின்கீழ் வாழ்வோரோடு நின்றுவிடுவதில்லை.

வகுப்பறையில் நற்றிணைப் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், கொடிச்சி ஊன் பகுக்கும் இரண்டு அடிகளில் சிறிது நேரம் நிற்பாராயின், மாணவர் இதுவரை கேளாத ஒரு வரலாற்றைக் கேட்பர். பகுத்துண்ணும் அறம் அரண்மனையில் மட்டும் வளர்ந்ததன்று. கலங்கல் நீரை முறை வைத்து உண்ட சீறூரிலும் அது வாழ்ந்தது என்பதை அவர்கள் உணர்வர். வேட்டுவர் என்றும் குறவர் என்றும் பிறரை இகழும் பேச்சு எங்கேனும் செவியில் விழும்போது, அப்பெயர்களுக்குத் தமிழ் இலக்கியம் கொடுத்த இடத்தை அவர்கள் நினைவுகூரவும் கூடும்.